சாருமதியின் அறிமுக வரி

அரட்டைச் செயலியில் அவரவர் அறிமுக வரியை அவரவரே எழுதிக்கொண்ட காலம் மலையேறிவிட்டது. இப்போது செயலியே ஆளைக் கவனித்து எழுதிவிடும். யாருக்குக் காட்டுவது, யாருக்கு மறைப்பது என்பது மட்டும்தான் நம் கையில்.

வாசல் பலகையில்கூட 'இணை இயக்குநர் (ஓய்வு)' என்று பொறித்திருந்த கோதண்டபாணிக்கு அது எழுதியது: 'மனைவி பேசினால் ம் கொட்டுபவர்.' பதவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உடனே அதை ஊருக்கே மறைத்தார். பிறகு மனைவி சாருமதியின் வரியைத் திறந்தார். 'இந்த வரி உங்களுக்கு மட்டும் மறைக்கப்பட்டுள்ளது' என்றது செயலி.

கல்யாணமாகி முப்பத்தோரு வருடம். அவருக்குப் பகீரென்றது.

எதிர்வீட்டு ஜெபராணியிடம் போய், "ஆன்ட்டியோடது உனக்குத் தெரியுதாம்மா? என்ன போட்டிருக்கு?" என்றார்.

"தெரியுதே அங்கிள், சூப்பரா இருக்கு. ஆனா உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

அன்றுமுதல் மனைவியை நோட்டம் விட்டார். அவள் கத்தரிக்காயைத் தொடுவதே இல்லை. பாத்திரம் கழுவும்போது பாடுகிறாள். குரலும் நன்றாகத்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் சந்தேகத்தோடே கண்டுபிடித்தார். "நேத்து போன்ல யாரோட அப்படிச் சிரிச்சே?" என்று கேட்டு, பதிலைக் கடைசிவரை கேட்கவும் செய்தார்.

நான்காம் நாள் அவர் வரி மாறியிருந்தது: 'மனைவியைக் கவனிப்பவர்.' அதை மட்டும் ஊருக்கே காட்டினார்.

"இப்பவாவது உன்னோடதைக் காட்டேன்."

சாருமதி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். "காட்டினா நாளைக்கே திரும்ப ம் கொட்டுவீங்க. இன்னும் கொஞ்ச நாள் சந்தேகப்படுங்க."