கடைசி அறை, பாதி விலை

“எவனோ ஒரு மனசாட்சி கெட்ட பய என் ரூமை அடிச்சிக்கிட்டுப் போயிட்டான்! யாரு அவன்? பேரைச் சொல்லு!”

பிச்சைமுத்து மேசையில் தட்டிய தட்டில் சைபர் கஃபேயே திரும்பிப் பார்த்தது.

“பேரெல்லாம் காட்டாது அண்ணே,” என்றாள் கடையை நடத்தும் சலேஹா. “நீங்க ஏன் எழுந்து போனீங்க?”

ஏன் போனார்? பேரம் பேசத்தான்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் அது. பிச்சைமுத்து பினாங்குக்காரர்தான், ஜெலுத்தோங்கில் சொந்த வீடு. ஆனால் படுக்க இடமில்லை. ஈப்போ மச்சான் அவருடைய கட்டிலில். கிள்ளான் சகலை சோபாவில். கூடம் முழுக்கப் பாய். முந்தின ராத்திரி அவருக்குக் கிடைத்தது குளியலறைக் கதவோரம். போகிறவர் வருகிறவரெல்லாம் காலை மிதித்துவிட்டுப் போனார்கள்.

“ஹோட்டல் காசை மிச்சம் பிடிக்க என் வீட்டுக்கு வந்துடறானுங்க சலேஹா. வெட்கங்கெட்ட கூட்டம்! ஒரு ராத்திரியாச்சும் நான் காலை நீட்டிப் படுக்கணும்.”

வீட்டில் சொல்லிவிட்டு வந்தது வேறு: பட்டர்வொர்த்தில் பழைய இரும்பு ஏலம், நாளைக்குத்தான் திரும்புவேன்.

சலேஹா, ஹோட்டல் அறைகளைத் தள்ளுபடியில் விற்கும் இணையத்தளம் ஒன்றைத் திறந்து காட்டினாள். யாரோ கடைசி நேரத்தில் வேண்டாமென்று விட்ட ஒரே ஓர் அறை. பாதி விலை. நூற்றிருபது மலேசிய வெள்ளி.

“எண்பதுக்குக் கேளு.”

“இது கம்ப்யூட்டர் அண்ணே. கேட்க முடியாது.”

“கேட்டுப் பார்த்தியா?”

“எப்படிக் கேட்கிறது?”

“அப்ப கேட்கவே இல்லை! நகரு.” திரைக்கு முன்னால் குனிந்து, “எண்பது. கையில காசு. முடியுமா, முடியாதா?” என்றார்.

திரை அசையவில்லை.

“கல்லுளிமங்கன். இரு, நான் பார்த்துக்கிறேன்.”

பேரத்தில் அடிபட்டுத் தேறிய எவருக்கும் இது தெரியும்: வேண்டாமென்று வெளியே நடந்தால்தான் விலை இறங்கும். முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிடுவான். கூப்பிடாவிட்டால் அவன் வியாபாரியே இல்லை. மோட்டார் சைக்கிளிலிருந்து மனைவியின் தாலிக்கொடி வரை பிச்சைமுத்து அப்படி வாங்கியதுதான்.

நடந்தார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் வரை, திரும்பிப் பார்க்காமல். ஒரு தே தாரிக் டீ வாங்கி ஆற அமரக் குடித்தார். வந்தார்.

“கூப்பிட்டானா?”

“ரூம் போயிடுச்சு லா அண்ணே.”

அதற்குத்தான் மேசையில் அந்தத் தட்டு.

பிறகு வெயில் சாயும் வரை ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்கினார். எங்கும் இடமில்லை. கடைசியில் ஆத்திரம் தாங்காமல் அந்தப் பாதி விலை ஹோட்டலுக்கே போய் நின்றார்.

“அந்த நூற்றிருபது வெள்ளி ரூம்ல இருக்கிறவன் யாரு? நான் அவன்கிட்ட பேசணும்.”

“அப்படியெல்லாம் சொல்லக்கூடாது சார்,” என்றாள் வரவேற்பு மேசையில் இருந்த ஜெயலெட்சுமி.

“சொல்ல வேண்டாம். நீயே போன் போட்டுக் கேளு. ரூமை விட்டுக் கொடுத்தா பத்து வெள்ளி லாபம் தர்றேன்னு சொல்லு.”

பின்னால் மூன்று பேர் பெட்டியோடு வரிசையில் நின்றார்கள். இந்த ஆளை அனுப்பினால் போதுமென்று ஜெயலெட்சுமி போனை எடுத்தாள். பேசினாள்.

“முடியாதாம் சார்.”

“எத்தனை பேர் இருக்காங்க உள்ளே?”

“ஒருத்தங்கதான்.”

“எத்தனை கட்டில்?”

“ரெண்டு.”

“பார்த்தியா அநியாயத்தை! ஒரு ஆளுக்கு ரெண்டு கட்டிலா? காலி கட்டிலை எனக்கு வாடகைக்கு விடச் சொல்லு. பாதிக் காசு நான் தர்றேன்!”

“ஐயோ சார், அவங்க லேடி!”

“லேடியா இருந்தா நியாயம் கிடையாதா? இவ்வளவு சுயநலமா ஒரு பொம்பளை…”

ஜெயலெட்சுமி ரிசீவரைக் கையால் பொத்துவதற்குள் அவர் சத்தம் அறைக்குப் போய்விட்டது. மறுமுனையில் ஏதோ சொன்னார்கள். அவள் போனை நீட்டினாள்.

“உங்ககிட்டயே பேசணுமாம்.”

பிச்சைமுத்து தொண்டையைச் செருமினார். “இங்க பாருங்கம்மா, நீங்க செஞ்சது…”

“ஏங்க, கத்தாதீங்க. ஊரே பார்க்கும்.”

வடிவம்மாள். அவர் மனைவி.

“நீயா? ராத்திரிச் சோறு ஆக்கி வெச்சிட்டுப் போறேன், தண்ணீர்மலைக் கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கணும், பந்தல்லயே படுத்துக்கிறேன்னு சொன்னே?”

“நீங்க இரும்பு ஏலம்னு சொன்னீங்க.”

பிச்சைமுத்து போனை மறு காதுக்கு மாற்றினார்.

“என்ன விலைக்குப் பிடிச்சே?”

“போட்டிருந்த விலைக்குத்தான். கோலாலம்பூர்ல இருந்து நம்ம மக பிடிச்சுக் கொடுத்தா.”

“பேரம் பேசாமலா? புத்தி இருக்கா உங்க ரெண்டு பேருக்கும்?” அவருக்கு அதுதான் பொறுக்கவில்லை. பிறகுதான் வீட்டு நினைப்பு வந்தது. “ஏ, வடிவு… நீ இங்க வந்து படுத்துக்கிட்டா, வந்திருக்கிறவங்களுக்கெல்லாம் ராத்திரிச் சோறு யார் ஆக்குறது?”

“‘ஹோட்டலுக்கு ஏன் காசைக் கொட்டுறீங்க, என் வீடு இருக்கு, என் சம்சாரம் ஆக்கிப் போடுவா, உங்க ஊருக்கு வந்தா உங்க வீட்டுல நான் தங்கிக்கிறேன்’னு வருஷா வருஷம் ஆளாளுக்குப் போன் போட்டு டீல் பேசுற ஒருத்தர் இருக்காரே,” என்றாள் வடிவம்மாள், “அவரைத் தேடிப் பிடிங்க. இன்னிக்காச்சும் அவரே போய் உலை வைக்கட்டும்!”