தோப்புக் காய்

“எடுத்துப் பார்த்துக்கங்க, மாமா. உங்க தோப்புக் காய்தான். நாளைக்கு யாரும் உங்களுக்கு இனாமாச் சோறு போட்டதா ஆகிடக் கூடாது.”

சாக்கைக் கட்டிலருகே கவிழ்த்துவிட்டு, சண்முகவள்ளி அடுக்களைக்குள் போய்விட்டாள்.

கட்டிலில் இருந்த சோலைமுத்து அவள் கணவனின் பெரியப்பா. நெய்க்காரப்பட்டியில் தென்னந்தோப்பு உண்டு; பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. ஒரு கால் விளங்காமல் போனதும் நாகல் நகருக்கு, இவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மாதாமாதம் தோப்பிலிருந்து காய் வரும். அதற்குச் சோறு, மருந்து, பணிவிடை. வந்த அன்றே அவர் பேசிய பேச்சு அது. காய் நின்றால் தானும் நிற்கமாட்டாராம்.

மருந்து வேண்டாமென்று முகத்தைத் திருப்பினால், “உங்க காய் வித்து வாங்கினது. கொட்டிறவா?” என்பாள் சண்முகவள்ளி. மனுஷர் மடமடவென்று குடித்துவிடுவார்.

மோர் வாங்க வந்த அடுத்த வீட்டு மாயம்மாளுக்குப் பொறுக்கவில்லை. படுத்துக் கிடப்பவரிடம் காய்க் கணக்குப் பேசுகிறாளே, இவளும் ஒரு பெண்ணா? அடுத்த வீட்டு விஷயம் என்றால் மாயம்மாளுக்கு எப்போதுமே இளகிய மனசு.

கட்டில் பக்கம் குனிந்து குசுகுசுத்தாள். சிஸ்டர்மார் நடத்தும் முதியோர் விடுதியில் தர்மத்துக்கே வைத்துப் பார்க்கிறார்கள். அவர் சரியென்றால் குதிரை வண்டி பேசித் தானே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னாள்.

“தர்மத்துக்குங்களா? வேண்டாமுங்க, அம்மிணி.” ஒரு காயைக் காதோரம் ஆட்டிப் பார்த்தார் சோலைமுத்து. “இங்க நான் குடுத்துத்தானுங்க சாப்பிடறேன்.”

அந்த மிடுக்கைப் பார்த்து மாயம்மாளுக்கு இன்னும் எரிந்தது. பாவம், அவள் பிடுங்குவதுகூடத் தெரியாமல் இருக்கிறாரே!

அந்த வாரமே ஆரோக்கியதாஸின் தேங்காய்க் கடைக்குப் போனவள், கேட்காமலே சண்முகவள்ளியின் லட்சணத்தை அவிழ்த்துவிட்டாள். ஒரு கிழவரின் தோப்பையே தின்று தீர்க்கிறாள் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

கடைக்காரர் காய் தட்டுவதை நிறுத்தினார்.

“எந்தத் தோப்பும்மா? நெய்க்காரப்பட்டித் தோப்பா? நான்தானே அங்க காய் எடுத்துக்கிட்டிருந்தேன். போன கோடையிலயே கிணறு வத்தி, மரம் பூராவும் பட்டுப்போச்சு.”

“அப்ப அந்தச் சாக்கு?”

“இந்தக் கடைச் சாக்குதான். உரிச்ச காயைக் கொண்டுபோனா பெரியவருக்குத் தெரிஞ்சுபோகும்னு, மட்டையோட கேட்டு வாங்கிட்டுப் போறாங்க.”

மாயம்மாளின் குரல் இறங்கிவிட்டது. உள்ளதைச் சொல்லிவிட்டே சோறு போடலாமே என்று மட்டும் கேட்டாள்.

“நானும் அதைத்தாம்மா கேட்டேன். தெரிஞ்சா தவழ்ந்தாவது கிளம்பிருவாருன்னாங்க. அதுக்காக மாசாமாசம் உங்களுக்கு இந்தப் பாடு எதுக்குன்னேன். ‘தாய் தகப்பன் இல்லாம நின்ன எங்க வீட்டுக்காரரை இந்தப் பெரியவர்தாண்ணே சோறு போட்டு வளர்த்தாரு. அந்தச் சோத்துக்கு இவர் காய் கேட்கலையே’ன்னாங்க.”