மத்தியஸ்தர் வீட்டு வழக்கு

சம்பந்தி கைகூப்பியதும் மத்தியஸ்தருக்கு அலுத்துப்போனது.

“சம்பந்தின்னு வரல அண்ணாச்சி. மத்தியஸ்தர்னுதான் வந்திருக்கோம். நீங்க சொல்லுததுக்குக் கட்டுப்படுதோம்.”

பின்னால் மருமகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்ச்சுவரோரம் மகள்.

போன வாரம் ஒற்றைப் பையோடு வந்து இறங்கினாள் உலகம்மை. இடது காது சரியாகக் கேட்கவில்லை. ஒரே ஓர் அறைதான் அறைந்தேன் என்றான் மருமகன், இன்று வந்ததுமே. ஒன்று என்றால் கணக்கில் சேராது போல.

ஊரில் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை. மத்தியஸ்தர் என்றால் போதும். கல்யாணப் பத்திரிகைகளில்கூட அப்படித்தான் அச்சடித்தார்கள். அதைப் பார்த்துப் பூரித்துப் போனவர்தான் அவரும்.

நடுவில் நிற்பவன் என்று பொருள்.

நடுவில் நிற்பவனுக்குப் பக்கம் கிடையாது. ஆனால் அதை ஊர் லேசில் நம்பாது. நம்பவைக்க ஒரு வழி வைத்திருந்தார். இருவரில் தனக்கு வேண்டியவன் யாரோ, அவனை விட்டுக்கொடுக்கச் சொல்வார். அந்நியனிடம் கெஞ்ச வேண்டும். சொந்தக்காரனை அதட்டினால் போதும்.

தம்பியின் கிணற்றுப் பங்கு அப்படித்தான் போனது. மைத்துனனின் கடைவாசலும் அப்படித்தான். மைத்துனன் அதன்பிறகு இந்த வீட்டில் கை நனைக்கவில்லை.

‘மத்தியஸ்தர்னா இவருல்லா’ என்று ஊர் மெச்சியது.

இன்றைக்கும் வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. பொம்பளப் பிள்ளதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும். எத்தனையோ வீட்டுப் பெண்களிடம் சொன்னது. சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது.

சொல்லிவிட்டால் சம்பந்தி நிம்மதியாக எழுந்திருப்பார். வாசலில் கார் நிற்கிறது. மகளும் அதில் ஏறிப் போய்விடுவாள்.

செருமினார்.

வாக்கியம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. யாரிடம் என்று தெரியவில்லை.

“நீ என்னம்மா சொல்லுத?” என்று கேட்டுவைத்தார். இரண்டு தரப்பையும் கேட்பது முறை.

அவள் வலது காதைத் திருப்பிக் கேட்டாள். துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். வழக்குக்கு வந்தவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

“ஐயா,” என்றாள்.

மகள் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவர் கேட்டதே இல்லை.

“அவுகளுக்குப் பேச அவுக அப்பா வந்திருக்காக. என் பக்கம் ஆளில்ல. எங்கப்பாவ வரச்சொல்லணும். அதுவரைக்கும் பொறுப்பீகளா?”

கேலி இல்லை அவள் குரலில்.

சம்பந்தி மட்டும் சிரித்தார். பிறகு அவரும் நிறுத்திக்கொண்டார். அடுப்படியில் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோயிருந்தது.

மத்தியஸ்தர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எத்தனை வருஷத்துச் சோர்வோ, அத்தனையும் இந்த ஒரு நாளில் வந்து உட்கார்ந்திருந்தது.

“அண்ணாச்சி, மத்தியஸ்தத்துக்கு வேற ஆளப் பாருங்க.”

சம்பந்தி பதறிப்போனார். “ஏன், நீங்க எங்க போறீக?”

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மகள் நிற்கும் இடத்துக்கு நடந்தார்.