சுவேதாவின் சிபாரிசு

"அக்கா, யோசிக்காம இதையே வாங்குங்க" என்றாள் சுவேதா, ஆபீசைப் பார்த்துக்கொள்ளும் பெண்.

இந்த வாரத்தில் எத்தனையாவது தடவையோ!

நாலு நர்ஸ்களோடு கடலூரில் தொடங்கிய ஹோம் நர்சிங் சர்வீஸ் தமிழ்ச்செல்வியுடையது. இப்போது சிதம்பரம் வரைக்கும் வளர்ந்துவிட்டது. வளர்ந்த வேகத்தில்தான் தப்பும் நடந்தது. ஒரு நர்ஸ் லீவு சொன்னாள். மாற்று ஆள் போகவில்லை. இன்சுலின் ஊசி போடாமல் சாப்பிடக் கூடாதென்று மதியம் வரை பட்டினி கிடந்த பெரியவர் ஒருவர், சிதம்பரத்தில் மயங்கி விழுந்தார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

அதிலிருந்து போன் அடித்தாலே தமிழ்ச்செல்விக்குப் படபடப்பு.

அதற்காகத்தான் இந்த சாப்ட்வேர். கோடிங் எதுவும் தெரிய வேண்டாம். கட்டங்களை இழுத்து வரிசையாக வைத்துவிட்டால் போதும். லீவு மெசேஜ் வந்ததும் அடுத்த நர்ஸுக்குத் தகவல் போய்விடும். பார்த்ததில் இரண்டு தேறின. ஒன்று எல்லாவற்றையும் தானே முடிக்கும்; சுவேதா சொல்வது இதைத்தான். இன்னொன்றில் ஒவ்வொன்றுக்கும் ஆபீசிலிருந்து ஒருவர் ஓகே கொடுக்க வேண்டும்.

"ஒரு ஆளு பாத்து ஓகே குடுக்கறதுதானே நல்லது சுவேதா?"

"அந்த ஆளு அசந்துட்டா? இன்னொரு பெரியவர் விழணுமாக்கா?"

சுவேதா நகர்ந்ததும் தமிழ்ச்செல்வியின் கணவன் சிலம்பரசன் குரலைத் தாழ்த்தினான்.

"விஷயம் தெரியுமா செல்வி? இத விக்க வர்ற அருண்குமாரும் இவளும் காலேஜ்ல ஒரே கிளாஸாம்."

"அதனால?"

"கமிஷன் இல்லாம எவ இவ்ளோ துடிப்பா?"

"சுவேதா அப்படிப்பட்டவ இல்லீங்க" என்றாள். ஆனால் மனசு கேட்கவில்லை. போன வாரம் அருண்குமார் வந்தபோது, மாடிப்படியில் நின்று இரண்டு பேரும் ஏதோ வாக்குவாதம் செய்தார்கள். தமிழ்ச்செல்வியைக் கண்டதும் கப்சிப். பங்குத் தகராறோ?

வாங்கினால் ஒரு வருஷத்துக்கு மாற்ற முடியாது. காசுக்கு ஆசைப்பட்டு சுவேதா உதவாததைத் தலையில் கட்டிவிட்டால், அடுத்து யார் வீட்டில் யார் விழுவாரோ?

மறுநாள் அருண்குமார் லேப்டாப்போடு வந்தான். சுவேதா சேத்தியாத்தோப்பில் ஒரு புது பேஷண்ட் வீட்டைப் பார்க்கப் போயிருந்தாள்.

சிலம்பரசன் சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, சுவேதாவுக்கு எவ்ளோ குடுக்கறீங்க?"

"என்னது சார்?"

"கமிஷன். எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

அருண்குமார் முகம் சிவந்துவிட்டது. திறந்த லேப்டாப்பை மூடினான். தமிழ்ச்செல்வி பக்கம் திரும்பினான்.

"அவ சொல்லக் கூடாதுன்னுட்டா மேடம். ஆனா நீங்க இப்படிக் கேட்டப்புறம் சொல்லாம இருக்க முடியல. எங்க சாப்ட்வேர் வந்துட்டா, நர்ஸுங்களுக்கு டூட்டி போட ஆபீசுல ஆளே தேவையில்ல. இப்ப அந்த டூட்டிய போடறது யாரு? உங்க ரெண்டு பேருக்கும் அது தோணவே இல்லையா?"

தமிழ்ச்செல்வி சுவேதாவின் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு இந்த ஆர்டரே வேணாம், அந்த இன்னொண்ண வாங்கச் சொல்லி உன் வேலைய காப்பாத்திக்கன்னு அன்னிக்கு மாடிப்படியில நின்னு அவகிட்ட கெஞ்சினதே நான்தான் மேடம்!"