எழுதியது எழுதியபடி

கட்டுரையின் நடுவில், சம்பந்தமே இல்லாமல் ஒரு பத்தி இருந்தது.

மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

சுதந்திரம் கேட்கும் தலைவரின் பத்திரிகை செவ்வாய்தோறும் வரும். அதைத் துரையின் மொழியில் எழுதிக் கொடுப்பது இவர் உத்தியோகம். துரைக்கு ஊர் பாஷையில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. இவர் எழுதியதுதான் வேதவாக்கு.

தலைவர் திறந்த பள்ளிக்கூடத்தில்தான் இவர் மகள் படிக்கிறாள். அதனால் நாலு வருஷமாக ஒரு திருட்டுத்தனம். அவர் ‘கொள்ளை’ என்றால் இவர் ‘சற்று கூடுதலான வரி’ என்பார். ‘வெளியேறு’ என்றால் ‘யோசித்துப் பாருங்கள்’.

போன மாதம் தலைவர் மேல் போட்ட ராஜத்துரோக வழக்கில் இவர் மொழிபெயர்ப்பைத்தான் வாசித்தார்கள். இதில் என்ன குற்றம் என்று நீதிபதியே சிரித்துவிட்டார். தலைவருக்கு விடுதலை. இவருக்கு இரண்டு நாள் கால் தரையில் பாவவில்லை. பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை.

இப்போது இந்தப் பத்தி.

“இதைத் துரைக்கு எழுதிக் கொடுக்கும் ஐயா, கோர்ட்டில் உங்கள் மொழிபெயர்ப்பைக் கேட்டேன். என்னைக் காப்பாற்ற மாற்றியிருக்கிறீர்கள். ஆனால் ஊர் என்னைப் பயந்தாங்கொள்ளி என்கிறது. இம்முறை ஒரு வரி விடாமல், எழுதியதை எழுதியபடி கொடுங்கள்.”

என்ன கொழுப்பு இந்த மனுஷனுக்கு என்று கோபம் வந்தது. கூடவே ஓர் ஆசையும் வந்து தொலைத்தது. தணிக்காமல் எழுதினால் அந்த மொழியில் இது எப்படி இருக்கும்?

எழுதிப் பார்த்தார். கொள்ளை, கொள்ளையாகவே வந்தது. பேனா நிற்கவில்லை. இத்தனை நாள் தான் செய்தது மொழிபெயர்ப்பே அல்ல என்று உறைத்தது. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

பக்கத்து மேஜை குமாஸ்தா எட்டிப் பார்த்தார். “என்ன சார், இன்னிக்கு இவ்வளவு நேரம்?”

அந்தப் பத்தி வந்ததும்தான் பேனா நின்றது. அதை மட்டும் விட்டுவிட்டால் இவருடைய திருட்டுத்தனம் துரைக்குத் தெரியப் போவதில்லை. தலைவர் ஜெயிலுக்குப் போவார், இவர் வழக்கம்போல வீட்டுக்குப் போவார்.

மாலையில் துரை தாள்களைப் படித்தார். முதல் பக்கத்திலேயே முகம் சிவந்தது. இரண்டாம் பக்கத்தின் நடுவில் விரலை வைத்து, யார் இந்த ஐயா என்று கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

“நான்தான்.”