கழுவி வைத்த கால்கள்

"கழுவ மாட்டேன்" என்று தையல்காரம்மா காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

பாஸ்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆலயத்தின் பின்னறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இதுவரை பதினோரு பேருடைய கால்களைக் கழுவியாயிற்று. வெந்நீர், சோப்பு, பித்தவெடிப்புக்கு பிரஷ், கடைசியில் ஒரு சொட்டு சென்ட். இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது.

இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவியதை நினைவுகூரும் நாள் இன்று. வழக்கமாகப் பாஸ்டர்தான் பன்னிரண்டு ஏழைகளின் காலைக் கழுவுவார். இந்த வருஷம் மந்திரி கழுவப் போகிறார். அவருக்குத் தேர்தல் வருகிறது. சபைப் பள்ளிக்கூடத்தின் அங்கீகாரமோ அவர் கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கிறது. அவருக்கு ஒரு போட்டோ, சபைக்கு ஒரு கையெழுத்து. இந்த வியாபாரத்துக்கு இயேசு சாட்சி.

ஏற்பாடெல்லாம் சபைச் செயலாளர். மந்திரி கையில் அழுக்குப் படக்கூடாது, முன்கூட்டியே கழுவி வைத்துவிடுங்கள் என்று சொன்னவர் அவர்தான். பாஸ்டர் சீட்டுக் குலுக்கி எடுத்த பன்னிரண்டு பேரில், கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்த மூட்டைத் தொழிலாளியை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டு, அந்த நாற்காலியில் தன் மச்சானை உட்கார வைத்திருந்தார். மச்சானுக்கு மாடி வீடு. ஏழையாகத் தெரிய வேண்டுமே என்று சட்டைப் பொத்தான் இரண்டைத் தானே பிய்த்துவிட்டு வந்திருந்தான்.

அவன் காலையும் பாஸ்டரம்மாதான் கழுவினாள். இந்தச் சபைக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. வந்ததும் வராததுமாக யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று புருஷன் கெஞ்சியதால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கோபமெல்லாம் சேர்ந்து இப்போது தையல்காரம்மா மேல் பாய்ந்தது.

"அக்கா, நான் என்ன பொழுது போகாமலா உட்கார்ந்திருக்கேன்? கணுக்கால் வரைக்கும் சேறு. கொஞ்சம் காலைக் குடுங்க."

"கழுவுறதுக்குத்தானேம்மா அவர் வர்றாரு. நீங்களே கழுவிட்டா அவர் எதைக் கழுவுவாரு?"

நியாயமான கேள்விதான். அதனாலேயே எரிச்சல் இன்னும் கூடியது. பெரிய இடத்து மனுஷரை நாலு பேர் நடுவில் அசிங்கப்படுத்திப் பார்க்க ஆசை, வேறென்ன என்று நினைத்துக்கொண்டாள்.

செயலாளர் எட்டிப் பார்த்தார். சேற்றைப் பார்த்தாரோ ஆளைப் பார்த்தாரோ, முகம் கறுத்துப்போனது. எழுந்து வெளியே போ என்று தையல்காரம்மாவை விரட்டினார். அதற்குள் வாசலில் சைரன் கேட்டது. பன்னிரண்டில் ஒன்று குறைந்தால் போட்டோவில் இடைவெளி விழும். வேறு வழியில்லை.

"மந்திரியே ஏதாவது கேட்டாலொழிய யாரும் வாயைத் திறக்கக் கூடாது. போலீஸ் உத்தரவு. உனக்குத்தான் முக்கியமா சொல்றேன்" என்றார்.

"சரிங்க. கேட்டா மட்டும் பேசுறேன்" என்றாள் தையல்காரம்மா.

ஆலயம் நிறைந்திருந்தது. மந்திரி சட்டைக் கையை மடித்துக்கொண்டு முழங்காலிட்டார். கேமராக்கள் மொய்த்தன. ஒரு கை தண்ணீர் தெளிப்பது, துண்டால் ஒற்றுவது, நிமிர்ந்து சிரிப்பது. பதினோரு ஜோடிக் கால்களும் இப்படியே மளமளவென்று முடிந்தன. மச்சான் கண்ணீர்கூட விட்டான்.

பன்னிரண்டாவதில் மந்திரியின் கை நின்றது. பாத்திரத்தில் தண்ணீர் கறுத்துவிட்டது. கேமரா பார்க்கிறதே, எழுந்து போகவும் முடியாது.

"என்னம்மா இவ்வளவு சேறு? எங்கேருந்து வர்றீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"என் மகனைப் புதைச்ச இடத்துலேருந்து வர்றேங்க."

கேமராக்கள் அவள் பக்கம் திரும்பின.

"கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, சாக்கடை ஓரமா கிடக்குறான். மழை பேஞ்சா மண்ணு கரைஞ்சுடுது. காலையில போய் அள்ளிப் போட்டுட்டு வந்தேன். சுத்தமா வந்திருந்தா நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. நீங்க கேக்காம நான் பேச முடியாது."

அதற்குள் போலீஸ்காரர் ஒருவர் கிட்டே வந்தார். கேமராக்களைப் பார்த்துவிட்டு மந்திரியே அவரைக் கையமர்த்தினார்.

"போன வருஷம் உங்களை எதிர்த்து ஊர்வலம் போனான். போலீஸ் அடிச்சதுல செத்துட்டான். பெட்டியைத் தூக்கிட்டு இங்கதான் வந்தோம். இவனை உள்ள புதைச்சா மந்திரி கோவிச்சுக்குவாருன்னு செயலாளர் ஐயா கேட்டைப் பூட்டிட்டாரு. அவன் ஞானஸ்நானம் வாங்குன கோயில் இது." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "உங்களோட சண்டை போட வரலைங்க. உங்க கோவத்தை விட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. என் புள்ளையை உள்ள விட்டுடுவாங்க."

பாஸ்டரம்மாவுக்கு இவ்வளவு நேரமும் யார் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தோம் என்று நினைக்கவே வெட்கமாக இருந்தது. திரும்பிச் செயலாளரைத் தேடினாள். அவர் கண்ணை இறுக மூடி ஜெபத்தில் இருந்தார். பாவி, ஜெபமாம்.

மந்திரி அந்தக் கறுப்புத் தண்ணீரில் கையை வைத்தபடியே உதவியாளரைப் பார்த்தார். அவரும் உதட்டைப் பிதுக்கினார். மந்திரியின் முகத்தில் கோபம் இல்லை, வெட்கம்கூட இல்லை. நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார்.

"அவனை உள்ள விடாதீங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லலையேம்மா. உங்க மகன் யாருன்னே எனக்குத் தெரியாதே."