47 என்று முடியும் கோப்பு

அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர் கறுப்பாக விழித்துக்கொண்டிருந்தது. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக் மினுக்கென்று அடித்தது.

தம்பி வண்டிச் சாவியைக் கையிலிருந்து விடாமலேயே நாற்காலியில் உட்கார்ந்தான். அரை மணி நேரத்தில் சரி செய்துவிட்டு எழுந்துவிட வேண்டும். இரண்டு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாத வீட்டில் அதற்கு மேல் உட்கார அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

சண்டை இதே அறையில் நடந்ததுதான். அவள் ஒரு வார்த்தை சொன்னாள், அவன் இரண்டு வார்த்தை சொன்னான். எதற்கு என்று இன்று கேட்டால் இருவருக்கும் சரியாகச் சொல்ல வராது. ஆனால் முதலில் யார் இறங்கி வருவது என்பதில் மட்டும் இருவரும் அசைந்து கொடுக்கவில்லை. அப்பா தன் பிடிவாதத்தை இரண்டு பிள்ளைகளுக்கும் ஓரவஞ்சனை இல்லாமல் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

இன்று காலை ஏழேகாலுக்கு அவள்தான் போன் செய்தாள்.

"அப்டேட் போட்டேன்டா, ஸ்கிரீன் வரல. அடுத்த வாரம் அச்சுக்குப் போற புத்தகம் உள்ள மாட்டிக்கிச்சு."

எப்படி இருக்கிறாய் என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை. அவனும் "வர்றேன்" என்பதோடு வைத்துவிட்டான்.

அக்காவுக்குப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கும் வேலை. தம்பி ஒரு கம்பெனியில் நூற்றுக்கணக்கான சர்வர்களைக் கட்டி மேய்ப்பவன். அவனுக்கு இதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம்.

அப்டேட்டுக்கு முந்தைய பதிப்பில் ஏற்றிப் பார்த்தான். அப்போதும் கறுப்புதான். மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி, எழுத்து மட்டும் வரும் திரைக்குப் போனான். கடவுச்சொல்லை அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சின்ன வயதில் பழைய வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்ததையே தட்டினான். திறந்துகொண்டது.

அப்டேட் பதிவுகளைப் படித்தான். மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமையே போட்டிருக்கிறாள், ஒரு பிழைகூட இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருந்தது. புத்தகமும் பத்திரமாக இருந்தது.

கறுப்பில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடியபோது பழைய வீடு ஞாபகத்துக்கு வந்தது.

அங்கேயும் இதே மாதிரி ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் இருந்தது. அக்கா வேலை பார்த்த அச்சகத்தில் கழித்துப் போட்ட பெட்டி. அவள் சுமந்து வந்து உயிர் கொடுத்தாள். கல்யாணமாகிப் போகும்போது தம்பியிடம் விட்டுப் போனாள். அவன் அப்போது ஒன்பதாவது.

அதற்குப் பிறகு அந்தத் திரைக்கு என்ன கேடோ, அடிக்கடி கறுத்துப்போகும். தெருமுனைக் கடையிலிருந்து அவன் போன் செய்வான். மறுநாள் அவள் 47ஆம் எண் பேருந்தில் வந்து இறங்குவாள், தோளில் பையும் கையில் அவனுக்கு ஒரு பொட்டலம் பிஸ்கட்டுமாக.

இருவரும் ஒரே நாற்காலியில் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். அம்மா எட்டிப் பார்த்து, எப்போது சரியாகும் என்பாள். "பெரிய கோளாறும்மா, ரெண்டு நாள் ஆகும்" என்பாள் அக்கா. மாமாவிடமும் போனில் அதையேதான் சொல்வாள்.

அந்த இரண்டு நாளும் வீடு பழையபடி இருக்கும். இரண்டாம் நாள் சாயங்காலம் திரை எப்படியோ தானாக வந்துவிடும். அவள் கிளம்பிப் போன பிறகு, அவள் தலைவைத்த தலையணையை யாரும் எடுக்கக்கூடாது என்று அவன் அம்மாவிடம் மல்லுக்கு நிற்பான்.

அப்படி இரண்டு நாள் இனி எங்கே கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

வேலைக்குத் திரும்பினான். திரைக்கான அமைப்புக் கோப்பு ஒன்றுதான் பாக்கி. இருப்பதோ அரதப்பழசான கிராஃபிக்ஸ் கார்டு. கையால் எழுதிய அந்த ஒரு கோப்பு இல்லாவிட்டால் அதற்குக் கண் தெரியாது. தேடினான். இல்லை. கோப்புறையில் என்னதான் இருக்கிறது என்று பட்டியலை வரவழைத்தான்.

இருந்தது. பெயர்தான் மாறியிருந்தது. வாலில் 47 என்று சேர்ந்திருந்தது.

கோப்புறை கடைசியாக மாறிய நேரம் இன்று காலை ஏழு மணி.

அவன் கை விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

அந்த நாட்களில் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூடக் கெட்டதில்லை. அக்கா இல்லாமல் இருப்புக் கொள்ளாதபோதெல்லாம் அவன்தான் அந்தக் கோப்பின் பெயரை மாற்றி வைப்பான். தனக்கே மறந்துவிடக் கூடாதே என்று வாலில் அவள் வரும் பேருந்தின் எண்ணைப் போடுவான். இரண்டாம் நாள் மதியம் அவள் கண்ணயர்ந்திருக்கும்போது பெயரைத் திருப்பிவிட்டு, எதுவும் தெரியாதவன்போல் வாசலில் போய் நின்றுகொள்வான்.

இதை அவன் அம்மாவிடம் சொன்னதில்லை. மனைவியிடம் சொன்னதில்லை. இத்தனை வருடமும் அக்காவின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

காபியோடு அவள் வந்து நின்றாள். திரையின் பக்கம் திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"என்னடா, சின்னக் கோளாறுதானே?"

ஒரே ஒரு வரி தட்டினால் போதும். அவன் தட்டவில்லை. வண்டிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் காபியை வாங்கிக்கொண்டான்.

"பெரிய கோளாறுக்கா. ரெண்டு நாள் ஆகும்."